வெளியே வைக்கும் மோஷன் சென்சாரும் வீட்டுக் கேமராவும்: பெங்களூர் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்மனஹள்ளி, பானஸ்வாடி, ராமமூர்த்தி நகர், அல்சூர் பக்கம் வீடுகளுக்குக் கேமராவும் சென்சாரும் மாட்டிக் கொடுப்பது என் வேலை. மாட்டிவிட்டு வந்த பிறகு போனில் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே அவற்றை இங்கே எழுதிப் பதிலும் சேர்த்திருக்கிறேன். முதலில் எளிய கேள்விகள், போகப்போகச் சிக்கலானவை. எந்தக் கம்பெனிப் பொருள் வாங்கலாம் என்று இதில் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாடல் மாறுகிறது, எழுதி என்ன பயன்?

கேமராவே அசைவைக் கண்டுபிடிக்குதே சார், தனியா சென்சார் எதுக்கு?

கேமரா செய்வது வேறு, சென்சார் செய்வது வேறு. கேமரா தன் படத்தில் ஒரு நொடிக்கும் அடுத்த நொடிக்கும் என்ன மாறியது என்று பார்க்கிறது. மரத்தின் நிழல் ஆடினாலும், எதிர்ச் சுவரில் காரின் ஹெட்லைட் பட்டுப் போனாலும், மழைச் சாரல் அடித்தாலும் படம் மாறும். உடனே உங்களுக்குச் செய்தி வரும். இப்போது வரும் கேமராக்கள் மனிதன், வண்டி என்று பிரித்துப் பார்க்கின்றன, முன்னைவிட எவ்வளவோ தேவலை. ஆனாலும் அரை இருட்டில், குடை பிடித்தோ போர்வை போர்த்தியோ வருகிற ஆளை அவை கோட்டை விடுவதும் உண்டு.

சென்சார் படத்தைப் பார்ப்பதில்லை, வெப்பத்தைப் பார்க்கிறது. நிழலும் வெளிச்சமும் அதற்குப் பெரிதாக ஒரு பொருட்டில்லை. சென்சார் ‘எப்போது’ என்று சொல்லும், கேமரா ‘யார்’ என்று காட்டும். நீங்கள் எப்போதும் வீட்டில் இருப்பவர், வாசலில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றால் தனி சென்சார் தேவையே இல்லை. பொய்ச் செய்தி வந்து வந்து சலித்துப்போய் போனில் அறிவிப்பை அணைத்து வைத்திருப்பவர்களுக்குத்தான் இது. அணைத்து வைத்த அலாரம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

பி.ஐ.ஆர்.னு டப்பாவுல போட்டிருக்கு. அது கதிர் விடுதா? குழந்தைங்க இருக்கற வீடு.

விடாது. மேலே சொன்ன வெப்பம் பார்க்கும் சென்சாரின் பெயர்தான் பி.ஐ.ஆர். தன்மேல் வந்து விழும் அகச்சிவப்பு வெப்பக் கதிரை வாங்கிக்கொள்வது மட்டுமே அதன் வேலை. முன்னால் இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக்கை உற்றுப் பாருங்கள், கோடு கோடாக இருக்கும். அதுதான் லென்ஸ். எதிரே இருக்கும் இடத்தை அது பல கீற்றுகளாகப் பிரிக்கிறது. உடல் சூடுள்ள ஒன்று ஒரு கீற்றிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது உள்ளே இருக்கும் சில்லில் சின்ன மின் மாற்றம் உண்டாகும். அதை வைத்துத்தான் ஆள் வந்ததாக எடுத்துக்கொள்கிறது.

மைக்ரோவேவ் சென்சார் அப்படியல்ல, அது அலையை வெளியே அனுப்பித் திரும்பி வருவதை அளக்கிறது. வைஃபை போலக் குறைந்த சக்திதான், பயப்பட வேண்டாம். இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து, இரண்டும் ஒத்துக்கொண்டால்தான் அலாரம் என்று வரும் சென்சாரும் உண்டு. டூயல் டெக் என்று கேட்டால் எஸ்.பி. ரோடு கடைகளில் எடுத்துக் கொடுப்பார்கள்.

30க்கு 40 சைட். எத்தனை சென்சார் வேணும், எங்க வைக்கணும்?

முப்பதுக்கு நாற்பது அடி என்றால் கிட்டத்தட்ட 9 மீட்டருக்கு 12 மீட்டர். சாதாரண வெளிச் சென்சாரின் எட்டும் தூரமே 10, 12 மீட்டர். அதனால் எண்ணிக்கை பெரிய விஷயமில்லை, இடம்தான் விஷயம். வருகிற ஆள் சென்சாரின் பார்வையைக் குறுக்கே கடக்க வேண்டும். மேலே சொன்ன கீற்றுகளை நினைத்துப் பாருங்கள். குறுக்கே நடந்தால் இரண்டு அடியிலேயே பல கீற்றைத் தாண்டிவிடுவான். சென்சாரை நோக்கி நேராக நடந்து வந்தால் ஒரே கீற்றுக்குள்ளேயே வெகுதூரம் வந்துவிடலாம். கேட்டுக்கு நேர் எதிரே, வாசற்படிக்கு மேலே வைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. அதைவிட போர்ட்டிகோவின் பக்கச் சுவரில், கேட்டிலிருந்து வாசலுக்கு வரும் பாதையைக் குறுக்கே பார்க்கிற மாதிரி வைத்தால் நன்றாகப் பிடிக்கும். உயரம் 2.2 முதல் 2.5 மீட்டர், ஏழெட்டு அடி. அதற்கு மேலே போனால் காலடியில் ஒரு குருட்டு இடம் விழும்.

அடுத்தது பக்கச் சந்து. மூன்றடி விட்டிருந்தால் (பலர் விடுவதில்லை, அது வேறு கதை) அங்கே ஆள் சென்சாரை நோக்கித்தான் வர முடியும், குறுக்கே போக இடமில்லை. அதனால் அகலமாக விரியும் லென்ஸ் அங்கே வீண். திரை போலக் குறுகலாகப் பார்க்கும் கர்ட்டன் வகையைச் சந்தின் குறுக்கே, சுவரிலிருந்து எதிர்ச் சுவரைப் பார்க்கும்படி வையுங்கள்.

மொட்டைமாடியைப் பெரும்பாலானவர்கள் மறந்துவிடுகிறார்கள். நம் ஏரியாக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. ஒரு மாடியிலிருந்து அடுத்த மாடிக்கு எட்டிக் கால் வைத்தால் போதும், ரோட்டுக்கே வராமல் நாலு வீடு தாண்டலாம். மாடிக் கதவும் பலரிடம் வெறும் தகரக் கதவுதான். என்னிடம் இரண்டு சென்சாருக்குத்தான் பணம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், ஒன்று வாசலுக்கு, ஒன்று மாடிப்படித் தலைப்புக்கு என்பேன்.

கேட்டைப் பார்த்து வெச்சோம், ரோட்ல போற எல்லாத்துக்கும் அடிக்குது.

முதலில் சென்சாரின் தலையைக் கொஞ்சம் கீழே சாய்த்துப் பாருங்கள், பார்வை உங்கள் காம்பவுண்டுக்குள்ளேயே தரையில் போய் முடிய வேண்டும். பி.ஐ.ஆர். சுவரைத் தாண்டிப் பார்க்காது, தகரம் அடித்த கேட்டையும் தாண்டாது. கம்பி கேட் என்றால் இடைவெளி வழியாகப் பார்க்கும். ரோட்டுப் பக்கம் போகும் கீற்றை மட்டும் மறைக்க, லென்ஸின் அந்தப் பகுதிக்கு உள்பக்கமாக இன்சுலேஷன் டேப் ஒட்டினால் போதும். சில சென்சாரோடு இதற்கென்றே சின்ன பிளாஸ்டிக் துண்டுகள் வரும், எலக்ட்ரீஷியன்கள் அதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். டப்பாவைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோவேவ் என்றால் எச்சரிக்கை. கண்ணாடி, பிளைவுட், மெல்லிய சுவர் இவற்றையெல்லாம் ஊடுருவும். ரோட்டோரச் சுவரில் தனி மைக்ரோவேவ் வைத்தால் பி.எம்.டி.சி. பஸ் போனாலும் அடிக்கும். டூயல் டெக்கில் பி.ஐ.ஆரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதால் அந்தத் தொல்லை குறைவு.

ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் கத்துது தம்பி. எழுந்து பார்த்தா பூனை!

பூனை, தெருநாய், பெருச்சாளி. இந்த ஊரில் இந்த மூன்றோடும் வாழப் பழக வேண்டும். விலங்குக்கு அடிக்காது என்று போட்டிருக்கும் சென்சாருக்கு உள்ளே மந்திரம் எதுவும் இல்லை. தரையோடு இருக்கும் கீற்றுகளைக் குறைத்தோ, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கண் வைத்து இரண்டும் ஒரே நேரத்தில் பார்த்தால்தான் அடிக்கும்படி அமைத்தோ செய்திருப்பார்கள். தரையில் போகும் பூனை கீழ்க்கண்ணில் மட்டும் படும், ஆள் இரண்டிலும் படுவான்.

இது பூனை தரையில் நடக்கும் வரைக்கும்தான். காம்பவுண்டு சுவர்மேல் நடந்தால் அது ஆள் உயரத்தில்தானே போகிறது? கார் பானெட்டில் ஏறிப் படுத்தாலும் அப்படியே. அதனால் சுவரின் தலைப்பு சென்சாருக்கு வெகு அருகில் வராத இடமாகப் பாருங்கள். டப்பாவில் எழுதியிருக்கும் உயரத்தையும் மாற்றாதீர்கள், விலங்குக் கணக்கு அந்த உயரத்துக்குப் போட்டதுதான். பல்ஸ் கவுண்ட் என்று ஒரு ஜம்பர் (இடம் மாற்றிச் செருகும் சின்ன கிளிப்) உள்ளே இருந்தால் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றலாம், ஒரே ஒரு அசைவுக்கு அடிக்காமல் இரண்டாவதற்குக் காத்திருக்கும்.

கேமராவில வெள்ளை வெள்ளையா உருண்டை பறக்குது. பேயா?

பூச்சி. லென்ஸுக்குப் பக்கத்திலேயே அகச்சிவப்பு விளக்குகள் இருப்பதால் அருகில் பறக்கும் சின்னக் கொசுகூட பளீரென்று பெரிதாகத் தெரியும். கேமரா அதைப் பார்த்துச் செய்தி அனுப்பும். முதல் மழை பெய்து ஈசல் கிளம்பும் ராத்திரி கேட்கவே வேண்டாம். சிலந்தியும் அங்கேயே வலை கட்டும், காற்றில் வலை ஆடினால் இரவு முழுக்க அலாரம்தான். மாதம் ஒரு தடவை ஒட்டடைக் குச்சியில் துணி சுற்றித் துடைத்துவிடுங்கள். வசதி இருந்தால் கேமராவின் உள்விளக்கை அணைத்துவிட்டு, தள்ளி ஒரு தனி விளக்கு வையுங்கள். பூச்சி அங்கே போகும்.

பேய் இல்லை என்று நான் சொன்னதை ஒரு பாட்டி இன்னமும் நம்பவில்லை.

மழை வந்தா எல்லாம் நின்னுடுமா?

மழை பி.ஐ.ஆரை அவ்வளவாகப் பாதிக்காது. கொட்டும் மழையில் எட்டும் தூரம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கெடுவது பெரும்பாலும் சென்சார் அல்ல, ஒயர் சேரும் இடம். ஐ.பி. 66 என்றால் தூசி புகாது, பலமாகப் பீய்ச்சும் நீரும் புகாது என்று அர்த்தம், ஆனால் அது பெட்டிக்கு மட்டும்தான் பொருந்தும். பின்னால் தொங்கும் கனெக்டரை டேப் சுற்றி வெளியே விட்டால் ஒரே மழைக்காலத்தில் பச்சை பூத்துவிடும். ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் கேட்டு வாங்குங்கள். ஒயர் பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்க வேண்டும், வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். மழையைவிட வெயிலில்தான் பொய் அலாரம் அதிகம் என்பது என் அனுபவம். நேராகச் சூரியன் விழும் கிழக்கு, மேற்குச் சுவர், ஏ.சி.யின் வெளி யூனிட், வெயிலில் காய்ந்து காற்றில் ஆடும் பெட்ஷீட், இப்போதுதான் வந்து நின்ற காரின் இன்ஜின், இவை எதுவும் சென்சாரின் பார்வையில் இருக்கக் கூடாது.

சென்னையில எங்க அண்ணன் வீட்ல மத்தியானம் சென்சார் வேலையே செய்யறதில்லையாம். இங்கேயும் அப்படித்தானா?

சரியாகச் சொன்னால், சென்சார் பார்ப்பது வெறும் வெப்பத்தை அல்ல, வெப்ப வித்தியாசத்தை. உடையோடு சேர்த்து நம் உடலின் மேற்பரப்பு 30 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும். பின்னால் இருக்கும் சுவரும் அதே சூட்டில் இருந்தால் ஆளும் சுவரும் அதற்கு ஒன்றுபோலத்தான். சென்னை மே மாத மத்தியானத்தில் இது நடக்கும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே பதிவான அதிகபட்ச வெயிலே 2016 ஏப்ரலில் வந்த 39.2 டிகிரிதான், அதுவும் பகலில். ராத்திரி எப்படியும் குளிர்ந்துவிடும், டிசம்பர் இரவில் சென்சார் தேவைக்கு மேலேயே சுறுசுறுப்பாக இருக்கும், சென்சிட்டிவிட்டியைக் கொஞ்சம் குறைக்கக்கூட வேண்டிவரும். அண்ணனிடம் டூயல் டெக் வாங்கினாலும் தீராது என்று சொல்லிவிடுங்கள். பி.ஐ.ஆர். ஒத்துக்கொள்ளாவிட்டால் அதுவும் வாய் திறக்காது. அவருக்கு மத்தியானம் கேமராவின் சொந்தக் கண்ணே போதும், வெளிச்சம்தான் இருக்கிறதே.

வாடகை வீடு. ஓனர் சுவர்ல துளை போட விடமாட்டேங்கிறார். ஜன்னலுக்கு உள்ளேயே வெச்சுக்கலாமா?

பி.ஐ.ஆரை வைக்க முடியாது. உடல் சூட்டின் கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டாது. நமக்குத் தெளிவாகத் தெரியும் கண்ணாடி அதற்குச் சுவர் மாதிரி. கேமராவை வைக்கலாம், ஆனால் இரவில் அதன் அகச்சிவப்பு வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்து படம் வெளுத்துவிடும். அதை அணைத்துவிட்டு, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, தெருவிளக்கு வெளிச்சத்தை நம்ப வேண்டியதுதான்.

கிரில்லில் கிளாம்ப் போட்டு மாட்டும் பேட்டரிக் கேமராதான் உங்களுக்கு நல்ல வழி. அதற்குள்ளேயே பி.ஐ.ஆர். உண்டு. துளை வேண்டாம், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். அட்வான்ஸில் பெயின்ட்டிங் என்று பிடிக்க ஓனருக்கு ஒரு காரணம் குறையும்.

பேட்டரிக் கேமரா வாங்கினேன். ஆள் போன அப்புறம்தான் பதிவாகுது. முதுகு மட்டும் தெரியுது.

பேட்டரியைச் சேமிக்க அந்தக் கேமரா எந்நேரமும் தூங்குகிறது. விழித்திருப்பது உள்ளே இருக்கும் பி.ஐ.ஆர். மட்டும். அது தட்டி எழுப்பி, கேமரா கண் விழித்துப் பதிவைத் தொடங்க ஒரு நொடியோ அதற்கு மேலோ ஆகும். ஆள் குறுக்கே வேகமாகப் போனால் அதற்குள் தாண்டிவிடுவான், நேராக வந்தால் தாமதமாகத்தான் எழும். ஆகவே சாய்வாக வையுங்கள். பாதை படத்தின் ஒரு மூலையில் தொடங்கிக் குறுக்காக ஓடி வாசலில் முடிய வேண்டும். ஆள் கண்ணில் பட்ட பிறகும் படத்துக்குள் நாலைந்து நொடி நடக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, ஒரு பதிவு முடிந்ததும் அடுத்ததற்கு எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்று ஆப்பில் ஒரு அமைப்பு இருக்கும். பேட்டரி தீராமல் இருக்க அதை அதிகமாக வைத்தே அனுப்புகிறார்கள். குறைத்துப் பாருங்கள், சார்ஜ் சீக்கிரம் தீரும் என்பதையும் ஒத்துக்கொள்ளுங்கள். ரோட்டைப் பார்த்து வைத்துவிட்டு, வாரம் ஒருமுறை சார்ஜ் போட வேண்டியிருக்கிறது என்று புலம்புபவர்கள் கேட் பற்றிய பதிலைப் படியுங்கள்.

எங்ககிட்ட ஏற்கெனவே டி.வி.ஆர். இருக்கு. சென்சார் மட்டும் வாங்கி அதுல சேர்க்க முடியுமா?

டி.வி.ஆர்., அதாவது கேமராப் படத்தைப் பதிவு செய்யும் பெட்டி, அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். பச்சை நிறத்தில் சின்னத் திருகு வரிசையும் ‘அலாரம் இன்’ என்ற எழுத்தும் இருந்தால் முடியும். மலிவான நாலு சேனல் பெட்டிகள் பலவற்றில் இருக்காது. இருந்தால், சென்சாருக்கு 12 வோல்ட் தனியாகக் கொடுத்து, அதன் ரிலே முனைகள் இரண்டை அலாரம் இன்னுக்கும் கிரவுண்டுக்கும் இழுக்க வேண்டும். பிறகு மெனுவில் போய் இந்த அலாரம் வந்தால் இந்தக் கேமரா பதிவு செய்யட்டும், போனுக்குச் செய்தி போகட்டும் என்று சொல்ல வேண்டும். சென்சார் சும்மா இருக்கும்போது அந்த இரண்டு முனையும் உள்ளே சேர்ந்து, சுற்று மூடிய நிலையில் இருக்கும் வகைதான் அதிகம். மெனுவிலும் அதையே தேர்ந்தெடுங்கள், மாற்றிப் போட்டால் ஆள் இல்லாதபோதுதான் அடித்துக்கொண்டே இருக்கும். கேமராவின் சொந்த அசைவு அறிவிப்பை அணைத்துவிட்டு சென்சாரின் அறிவிப்பை மட்டும் வைத்துக்கொண்டால் போன் அமைதியாகும்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. கடையில் 230 வோல்ட் சென்சார் என்று ஒன்று விற்கிறது, அது விளக்குக்கானது. அதன் வெளி ஒயரில் வீட்டு மின்சாரமே வரும். அதை டி.வி.ஆரின் அலாரம் முனையில் மாட்டினால் பெட்டி கருகும், தொட்டவருக்கும் ஆபத்து.

சென்சார் லைட் மட்டும் போட்டுட்டா போதாதா? அதுதான் மலிவு.

பல வீட்டுக்கு அதுவே போதும், இதைச் சொன்னால் என் வியாபாரம் குறையும், இருந்தாலும் உண்மை அதுதான். திடீரென்று வெளிச்சம் வந்தால் வந்தவன் தயங்குவான், கருப்பு வெள்ளையில் இருந்த கேமரா கலருக்கு மாறும், சட்டை நிறம் தெரியும். அடியில் மூன்று திருகு இருக்கும்: எவ்வளவு இருட்டினால் வேலை செய்ய வேண்டும், எத்தனை நேரம் எரிய வேண்டும், எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். நேரத்தை ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் வையுங்கள்.

சிக்கல் எங்கே என்றால், விளக்கு எரிவதே படத்தில் பெரிய மாற்றம். முதல் பதிலில் சொன்ன ஹெட்லைட் கதையேதான். பூனை வர, விளக்கு எரிய, கேமரா பதறிப்போய்ச் செய்தி அனுப்பும். மனிதனை மட்டும் அறிவிக்கும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். விளக்கு கேமராவின் படத்துக்குள் தெரியக் கூடாது, கேமராவுக்குப் பின்னாலோ மேலேயோ இருந்து அது பார்க்கும் பக்கமே எரிய வேண்டும்.

கரண்ட் போனா என்ன ஆகும்?

நம் ஊருக்குக் கரண்ட் கொடுக்கும் பெஸ்காமைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது. கேமரா, டி.வி.ஆர்., ரவுட்டர் மூன்றும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று பாருங்கள். கேமராவுக்கு பேக்கப் கொடுத்துவிட்டு ரவுட்டரை மறந்த வீடுகள் ஏராளம். பதிவு நடக்கும், உங்களுக்குத் தெரியாது. இன்வெர்ட்டரில் யு.பி.எஸ். மோடு இருந்தால் அதில் வையுங்கள், மாறும் அந்த ஒரு கணத்தில் டி.வி.ஆர். அணைந்து எழாமல் இருக்கும். பி.ஐ.ஆருக்கு மின்சாரம் திரும்ப வந்ததும் நிதானத்துக்கு வர அரை நிமிடம், ஒரு நிமிடம் ஆகும், அதற்குள் ஒரு பொய் அலாரம் வரலாம். கரண்ட் வந்த உடனே வரும் செய்தியைப் பார்த்துப் பதற வேண்டாம், ஆனால் பார்க்காமலும் விட வேண்டாம்.

அசைவு இருக்கறப்ப மட்டும் பதிவு பண்ணா இடம் மிச்சமாகுமே?

ஆகும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அனுப்பினால் நாளைக்கு 21.6 ஜி.பி. நாலு கேமரா என்றால் 86 ஜி.பி. ஒரு டி.பி. டிஸ்க் பதினொரு நாள் தாங்கும். அசைவுக்கு மட்டும் என்றால் இது பல மடங்கு நீளும்.

ஆனாலும் நான் முழு நேரப் பதிவையே சொல்வேன். சென்சார் கோட்டை விட்ட ஒரு தருணம்தான் உங்களுக்கு என்றாவது தேவைப்படும். முழுப் பதிவும் ஓடட்டும், சென்சார் அதில் குறியிட்டு வைக்கட்டும். தேடும்போது குறியிலிருந்து தொடங்கலாம். ஊருக்குப் போனால் பத்து நாளுக்கு மேல் தங்குகிறவர் என்றால் இரண்டு டி.பி. போடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் ‘என் வீட்டைப் பார்த்து கேமரா வெச்சிருக்கே’ன்னு சண்டைக்கு வர்றார். சட்டம் என்ன சொல்லுது?

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுச் சட்டம், ஒருவர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்காகச் செய்வதை விலக்கி வைத்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு யார் வீட்டையும் எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். அந்த வழக்கைப் போட்ட புட்டசுவாமி கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர், நம்ம ஊர் சமாச்சாரம்தான். பெண்ணின் அந்தரங்கத்தைப் படமெடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவில் முதல் முறைக்கே ஓராண்டுக்குக் குறையாத சிறை. ஒரே வீட்டைப் பங்கிட்டு வாழும் அண்ணன் தம்பிகளுக்கும் ஒரு செய்தி: கூடக் குடியிருப்பவரின் சம்மதம் இல்லாமல் வீட்டுக்குள் கேமரா ஓட்டக் கூடாது என்று 2025இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது, உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை.

நடைமுறையில் தீர்வு எளிது. அவர் ஜன்னல், பால்கனி விழும் இடத்தை மெனுவில் பிரைவசி மாஸ்க் போட்டுக் கருப்பாக்குங்கள். அவரையே கூப்பிட்டு போனில் காட்டுங்கள். கத்தி வந்தவர் காபி குடித்துவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். மாடியில் வாடகைக்குக் குடும்பம் இருந்தால் அவர்கள் படிக்கட்டுக்கு சென்சார் மட்டும் வையுங்கள், கேமரா வேண்டாம். சென்சாருக்கு முகம் தெரியாது.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருக்கோம், அலாரம் வருது. என்ன பண்றது?

முதலில் நேரலையைத் திறந்து பாருங்கள். ஆள் நிச்சயம் என்றால் 112க்கு அழையுங்கள். நீங்கள் தமிழ்நாட்டிலிருந்து அழைத்தால் அழைப்பு அந்த மாநிலத்துக்குத்தான் போகும். அதனால் உங்கள் ஏரியா போலீஸ் ஸ்டேஷன் நம்பரைப் போனில் போட்டு வைப்பது அவசியம். பெங்களூரில் இருக்கும் சொந்தக்காரரை 112 அழைக்கச் சொல்வது இன்னும் வேகம், ஹொய்சளா என்ற போலீஸ் ரோந்து வண்டி வரும். மெயின், கிராஸ், பக்கத்தில் இருக்கும் கோயில் அல்லது கடை பெயர் இவற்றைக் கன்னடத்தில் எழுதி அவரிடம் கொடுத்து வையுங்கள். பெங்களூரில் பத்தாவது கிராஸ் எத்தனை இருக்கிறது என்று கணக்கே கிடையாது. பக்கத்து வீட்டுப் பையனைத் தனியாக உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லாதீர்கள். விளக்கைப் போட்டுச் சத்தம் கொடுத்தாலே போதும்.

பதிவை போலீஸுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டா போதுமா?

உடனே ஆளைத் தேட அது உதவும். வழக்கு என்று போனால் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் வேண்டும். ஒரு பகுதியைக் கொடுப்பவரும் இன்னொரு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும், கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஒரு கைரேகை மாதிரி) அதில் வரும். வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கிவிடும், அதனால் அசல் கோப்பை பென் டிரைவில் எடுத்து வையுங்கள், வெட்டாதீர்கள், டி.வி.ஆரை அழிக்காதீர்கள். டி.வி.ஆரின் கடிகாரத்தை இணைய நேரத்தோடு சேர்த்து வையுங்கள். நேரம் இருபது நிமிடம் தள்ளி ஓடினால், சென்சார் குறித்த நேரமும் எதிர் வீட்டுக் கேமரா நேரமும் ஒத்துப்போகாது, விசாரிக்கிறவர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

விஷயம் தெரிஞ்ச திருடன் ஒயரை வெட்டிட்டா? சென்சார் மேல பிளாஸ்திரி ஒட்டிட்டா?

ஒயரை வெட்டினால், டி.வி.ஆர். பதிலில் சொன்ன மூடிய நிலை இணைப்பு கைகொடுக்கும். மூடிய சுற்று அறுந்தால் அதுவே அலாரம். திறந்த நிலை வகையில் வெட்டினால் சத்தமே வராது. அந்த வகையைக் குறைத்துச் சொல்ல எனக்கு இந்த ஒரு காரணமே போதும். மூடியைக் கழற்றினால் அடிக்க டாம்பர் என்று தனியாக இரண்டு முனை இருக்கும், நேரம் மிச்சம் என்று பலர் அதை இணைப்பதே இல்லை. இணைத்தீர்களா என்று ஆளைக் கேளுங்கள். பிளாஸ்திரி ஒட்டினால் கண்டுபிடிக்கும் சென்சாரும் உண்டு, விலை அதிகம். நான் செய்வது, ஒரு கேமராவின் படத்துக்குள் சென்சார் தெரிய வேண்டும், அந்தக் கேமராவின் அடிப்பகுதி இன்னொரு சென்சாரின் பார்வையில் இருக்க வேண்டும்.

இது எல்லாம் சரியா வேலை செய்யுதான்னு நாங்களே எப்படிப் பார்க்கறது?

சென்சாரில் வாக் டெஸ்ட் என்று ஒரு அமைப்பு இருக்கும், அதைப் போட்டால் பார்க்கும்போதெல்லாம் சிவப்பு விளக்கு மின்னும். இரவில், வழக்கமான உடையில், ஆள் வரக்கூடிய ஒவ்வொரு வழியிலும் நடந்து பாருங்கள். சாதாரணமாக ஒரு தடவை, மெதுவாக ஒரு தடவை, சுவரை ஒட்டி ஒரு தடவை, குனிந்து ஒரு தடவை. எங்கே மின்னவில்லையோ அங்கே சாக்பீஸால் கோடு போட்டு, சென்சாரைக் கொஞ்சம் திருப்பி மறுபடியும் நடங்கள். முடிந்ததும் அந்த விளக்கை அணைத்துவிட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் எங்கெங்கே பிடிக்கும், எங்கே பிடிக்காது என்று வருகிறவனும் அதே முறையில் கண்டுபிடித்துக்கொள்வான். தீபாவளிக்கு முன்னும், ஊருக்குக் கிளம்பும் முதல் நாளும் இதைச் செய்தால் போதும். எதிர்வீட்டுக்காரரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ராத்திரி பத்து மணிக்கு நீங்கள் உங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிக் குனிந்து நடப்பதைப் பார்த்தால் அவர் 112க்கு அடித்துவிடுவார்.